அத்தானின் வலது பக்கப் பின்விளக்கு

என் அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, ஊரில் உள்ள தெருவிளக்குகளை எரிய வைப்பதுதான் உத்தியோகம். ஏணி வண்டியில் கம்பம் கம்பமாகப் போவார். எரியாததை எரிய வைப்பார், பகலில் வீணாக எரிவதை அணைப்பார். எங்கள் தெருவில் அவருக்குக் 'கம்பத்துக்காரர்' என்றே பெயர். நடக்கும்போது தரையைப் பார்க்கவே மாட்டார், தலை எப்போதும் மேலே. அவர் விழாத பள்ளம் கிடையாது, மோதாத சைக்கிள் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் கூரையில் இருக்கும் பல்புகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரரை நலம் விசாரிப்பார்.

அக்காவை அவர் முதன்முதலில் பார்த்ததும் ஒரு கம்பத்தின் மேலிருந்துதான். அப்போது எங்கள் வீட்டு வாசலில் இருந்த விளக்கு ஓயாமல் கண்ணடித்துக்கொண்டிருந்தது. பழுது பார்க்க வந்தவர் மேலே ஏறி எதையோ திருகிவிட்டு, "எரியுதா?" என்று கேட்டார். கீழே நின்ற அக்கா, "எரியல" என்றாள். மறுபடி திருகினார். மறுபடியும் "எரியல". கடைசியில் எரிந்த பிறகும் அவள் எரியவில்லை என்றுதான் சொன்னாள் என்பது என் சந்தேகம். இல்லாவிட்டால் அந்த மனுஷன் அவ்வளவு நேரம் கம்பத்தில் தொங்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எப்படியோ அது கல்யாணத்தில் போய் முடிந்தது. அன்றைக்கு அக்கா சொன்னதை மறுபேச்சில்லாமல் நம்பியவர், இத்தனை வருஷம் கழித்து நம்ப மறுத்தார். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

கீழ் வீட்டில் அவர்கள் இரண்டு பேரும், மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். என் வீட்டுக்காரர் இந்தக் கதையில் வரமாட்டார், லீவு நாளில் அவருக்குத் தூக்கம்தான் முக்கியம். தெருமுனையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். கத்தரிக்கோல் ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடவேண்டும், இல்லாவிட்டால் வருகிறவர்களுக்குத் திருப்தி இருக்காது. அத்தான் என்னை 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவார். நானும் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் நின்று நின்று கால் இரண்டும் வீங்கி, நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றவே அவளுக்கு நேரம் பிடிக்கும். இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல வேலை வந்தது. பிரசவமாகி வீட்டுக்குப் போன பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, குழந்தையை எடை போட்டு, தாய்க்குத் தைரியம் சொல்லிவிட்டு வரவேண்டும். உட்கார்ந்து பேசுகிற வேலை. அக்காவுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு நிபந்தனைதான்: தானே கார் ஓட்டிக்கொண்டு போகவேண்டும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டினால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் அடுத்தவளுக்கு.

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அத்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவர் ரோட்டைப் பார்க்காமல் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு வந்ததால், அக்கா பதற்றமில்லாமல் நன்றாகவே கற்றுக்கொண்டாள்.

கார் பழையது. அதன் பின்விளக்குகள் டிக்கிக் கதவிலேயே பொருத்தப்பட்டவை. கதவைத் தூக்கினால் விளக்குகளும் கூடவே மேலே போகும். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு நாள் அக்கா சொன்னாள், "ஏங்க, வலது பக்கம் பின்னாடி லைட் எரியல."

அத்தான் உடனே டெஸ்டரோடு போனார். டிக்கியைத் திறந்தார், உள்பக்க மூடியைக் கழற்றினார், முன்னால் போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார். விளக்கு ஜம்மென்று எரிந்தது. அணைத்தார், மூடினார், கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எரியுதே."

"எரியலங்க."

"இப்பதானே பாத்துட்டு வரேன்."

இரண்டு நாள் கழித்து அக்கா மறுபடியும் சொன்னாள். அவர் மறுபடியும் போனார், மறுபடியும் எரிந்தது. இருந்தாலும் இருக்கட்டும் என்று புது பல்பு போட்டார். அதற்கடுத்த முறை ஃபியூஸை மாற்றினார். அதற்கும் அடுத்த முறை ஹோல்டரை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். ஒவ்வொரு தடவையும் எரிந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா, "எரியல" என்றாள். கடைசியில் அவர் என்னிடம் வந்து, "உங்க அக்காவுக்குக் கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வந்தா நல்லது" என்றார். லைசென்ஸுக்காக அவள் கண் பரிசோதனையில் கடைசி வரிசை எழுத்து வரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டு வந்தவள். நான் அதைச் சொன்னேன். "அப்போ எழுத்துதான் தெரியுது, வெளிச்சம் தெரியலபோல" என்றார். இப்படிப் பேசுகிற மனுஷனை என்ன செய்வது?

டெஸ்டுக்கு அக்காவோடு துணைக்குப் போனவள் நான். மைதானத்தில் அதிகாரி முதல் வேலையாக எல்லா விளக்கையும் போடச் சொல்லி வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் போய் நின்றார்.

"வலது பக்கம் எரியலம்மா. சரி பண்ணிட்டு இன்னொரு நாள் வாங்க."

அவ்வளவுதான். அக்கா ஸ்டியரிங்கைத் திருப்பக்கூட இல்லை, டெஸ்ட் முடிந்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அத்தான் விஷயத்தைக் கேட்டார். நேராக வண்டிக்குப் போனார். டிக்கியைத் தூக்கினார், சுவிட்சைப் போட்டார். அந்தப் பாழாய்ப் போன விளக்கு, எங்கள் கண்முன்னால், சிவப்பாக எரிந்தது. நானே பார்த்தேன். எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்குப் பேச்சு வராதது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

அத்தோடு அவர் விட்டிருக்கலாம். விளக்கை அணைத்து, டிக்கியை மூடிவிட்டு, ரொம்ப நிதானமாக ஒரு வார்த்தை சொன்னார். "பயத்துல நீ சுவிட்ச் போட மறந்திருப்ப."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போனாள். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள்.

அக்காவின் கோபத்தில் சத்தமே இருக்காது. தேநீர் நேரத்துக்கு வரும், துணி துவைத்து மடித்து வைத்திருக்கும், ஆனால் ஒரு வார்த்தை இருக்காது. அத்தானுக்கு அது தாங்காது. ரேடியோவிடம் பேசினார், கண்ணாடியிடம் பேசினார், கடைசியில் மாடிப்படி ஏறி வந்து என்னிடம் புலம்பினார். "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? எரியுதுன்னு சொன்னேன். எரியுது. நீயும்தானே பாத்த." பார்த்தேன்தான். அதனால் எனக்கும் அக்காவிடம் பாதிப் பேச்சு நின்றுபோயிருந்தது.

மாதம் முடியும் முன் டெஸ்ட் எடுக்க இன்னும் ஒரே ஒரு நாள் கிடைத்தது. அன்றைக்கு அத்தான் லீவு போட்டுவிட்டு, விடிந்ததிலிருந்து வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். டிக்கி ஆவென்று திறந்து கிடந்தது. அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தாள். விளக்கைச் சோதிக்க இரண்டு பேர் இருந்தால் சுலபம்: ஒருவர் சுவிட்சைப் போட, ஒருவர் பின்னால் நின்று பார்க்க. இரண்டு பேரும் இருந்தார்கள், பேச்சுத்தான் இல்லை. தூது போக நான்.

"வாயாடி, லைட்டைப் போடச் சொல்லு."

"அக்கா, லைட்டைப் போடணுமாம்."

"போட்டாச்சுன்னு சொல்லு."

"போட்டாச்சாம், அத்தான்."

"எரியுதுன்னு சொல்லு."

"எரியுதாம், அக்கா."

"மைதானத்துல எரியாதுன்னு சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காரின் நீளம்தான். ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் சொல்கிற வரைக்கும் கேட்காத மாதிரி இரண்டு பேரும் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் வயரை ஆட்டிப் பார்த்தார், பல்பைத் தட்டிப் பார்த்தார், விளக்கு அசையாமல் எரிந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு குறை அகப்படவில்லை.

"ஒரு கோளாறும் இல்ல. அணைக்கச் சொல்லு, டிக்கிய மூடணும்."

"அணைக்கணுமாம், அக்கா."

"முடியாதுன்னு சொல்லு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அத்தானும் எதிர்பார்க்கவில்லை.

அக்கா முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னாள், "போன தடவை சுவிட்ச் போட மறந்துட்டேனாம். இந்தத் தடவை இங்கயே போட்டுட்டேன். டெஸ்ட் முடியிற வரைக்கும் அணைக்கமாட்டேன்னு சொல்லு. மறந்தேன்னு யாரும் சொல்லக்கூடாது பாரு."

நான் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். நல்ல வெயில் நேரம். பட்டப்பகலில் ஒரு விளக்கு வீணாக எரிவதைப் பார்த்தால் அவருக்கு உடம்பில் எங்கோ அரிக்க ஆரம்பித்துவிடும். அதற்கும் மேலே, அவர் தொழிலில் ஒரு முறை உண்டு: எரிகிறதா என்று பார், அணை, அப்புறம் பெட்டியை மூடு. மின்சாரம் ஓடும்போது கம்பத்துப் பெட்டியை மூடப் போய் அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டார். அன்றிலிருந்து அத்தான் எதையும் அணைக்காமல் மூடியதில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பாத்திரத்தை மூடுவார். ரேடியோவை நிறுத்திவிட்டுத்தான் ஜன்னலைச் சாத்துவார். காரின் டிக்கியையும் அப்படித்தான்.

"பேட்டரி தீர்ந்துடும்னு சொல்லு."

"தீரட்டும்னு சொல்லு."

"பகல்ல லைட் எரியுதுன்னு சொல்லு."

"எரியட்டும்னு சொல்லு. எரியணும்னுதானே இவ்வளவு பாடு."

அத்தானுக்குக் கோபம் அபூர்வமாகத்தான் வரும். அன்றைக்கு வந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே டிக்கிக் கதவைப் படீரென்று சாத்தினார்.

வலது விளக்கு அணைந்தது.

"அப்படி வா வழிக்கு" என்றார் என்னிடம். "அணைச்சிட்டா பாரு உங்க அக்கா."

"நான் ஒண்ணும் அணைக்கலன்னு சொல்லு" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

அத்தான் டிக்கியைத் திறந்தார். விளக்கு எரிந்தது.

"மறுபடியும் போட்டுட்டா. விளையாட வேண்டாம்னு சொல்லு, வாயாடி. நேரமாகுது."

மூடினார். அணைந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. "இப்ப எதுக்கு அணைக்கிறா?"

அக்கா இரண்டு கைகளையும் ஜன்னல் வழியாக வெளியே நீட்டினாள். பத்து விரலும் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்தாள். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே அத்தான் டிக்கியைத் திறந்தார். எரிந்தது. கைகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மூடினார். அணைந்தது. அப்போதுதான் இடது பக்கம் அவர் கண்ணில் பட்டது: அந்த விளக்கு பாவம் ஒன்றும் அறியாமல் எரிந்துகொண்டிருந்தது.

அவர் அப்படியே நின்றுவிட்டார். தெருவில் யாரோ சைக்கிளில் போனபடி "என்ன கம்பத்துக்காரரே, வண்டிக்குக் காத்து வாங்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குக்கூட அவர் திரும்பவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அசடு வழிந்த முகத்தில் வருத்தமும் தெரிந்தது. இத்தனை நாளும் திறந்து வைத்தே பார்த்திருக்கிறார். மூடுவதற்கு முன்னால் அணைத்திருக்கிறார். மூடிய வண்டியில் விளக்கைப் போட்டிருந்த நேரமெல்லாம் அவர் உள்ளே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு அது தெரிய வழியே இல்லை.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. கதவு மடங்குகிற இடத்தில் வயர்கள் ஒரு ரப்பர் குழாய்க்குள் போகின்றன. அதைப் பிடுங்கிப் பார்த்தார். ஒரு வயர் வெளியே முழுசாகத்தான் இருந்தது, உள்ளே கம்பி அறுந்திருந்தது. கதவைத் தூக்கினால் அறுந்த முனைகள் தொட்டுக்கொள்கின்றன, மூடினால் விலகிக்கொள்கின்றன. துண்டு வயர் சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, டேப் சுற்றினார். கதவை மூடினார். இரண்டு பக்கமும் சிவப்பாக எரிந்தது. அவர் கீழே குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, தள்ளிப் போய் நின்று என்று எல்லாக் கோணத்திலும் பார்த்தார்.

பிறகு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே முன்பக்கம் போனார். எனக்கு இனி வேலை இல்லை என்பது புரிந்தது. ஆனால் நான் போகவில்லை. இதைப் பார்க்காமல் போவேனா?

"சுவிட்ச் போட மறந்தேன்னு சொன்னது தப்பு" என்றார் அக்காவிடம். "ரொம்பத் தப்பு."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. நீ ஓட்டிப் பழகினதெல்லாம் பகல்லதான். லைட் போட்டு ஓட்டறது விடியறதுக்கு முன்னாடி நான் வேலைக்குப் போறப்பதான். உனக்கு எப்படித் தெரிஞ்சுது, எரியலன்னு?"

"நீங்க கிளம்பினதும் கேட்ல நிப்பேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சும்மாதான். நீங்கதான் ரோட்டைப் பாக்கமாட்டீங்களே. தெருமுனை திரும்பற வரைக்கும் பாத்துட்டு உள்ள வருவேன். அப்போ பாத்தா, இடது பக்கம் மட்டும்தான் சிவப்பா போகுது."

அத்தான் ஸ்பேனரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"பேசாம இருந்தியே, அப்பவுமா நின்ன?"

"பேச்சைத்தானே நிறுத்தினேன்" என்றாள் அக்கா.

இத்தனை வருஷமாக அவர்கள் வீட்டுக்கு மேலேயே குடியிருக்கிறேன், எனக்கே தெரியாது. அந்த நேரத்தில் எழுந்து ஜன்னலைத் திறக்க எனக்கென்ன தலையெழுத்தா? அத்தான் சட்டை நுனியால் காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மைதானத்துக்கு இந்தத் தடவை அவரும் வந்தார். அதே அதிகாரி. விளக்கைப் போடச் சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போனார். திரும்பிப் பார்த்தால், அவருக்கும் பின்னால் அத்தான் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"யாரு நீங்க?"

அத்தான் தடுமாறிப்போய், "தெருவிளக்குப் பிரிவுங்க" என்றார்.

"இங்க ஏது தெரு? தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். அதிகாரி வலது பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் முன்னால் வந்து அக்காவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "வண்டிய எடுங்கம்மா" என்றார். அக்கா எடுத்தாள். திருப்பினாள், நிறுத்தினாள், பின்னால் வந்தாள். ஒரு தடவைகூட வண்டி இடறவில்லை. லைசென்ஸ் கையில் வந்ததும் அவள் சிரித்த சிரிப்பை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை, சொன்னால் சண்டைக்கு வருவாள்.

புது வேலையில் அக்காவின் முதல் நாள். ஊருக்கு வெளியே ஒரு வீட்டுக்குப் போகவேண்டும் என்று இருட்டு விலகும் முன்பே கிளம்பினாள். கார் இப்போது அவளுடையது. அத்தானை ஏணி வண்டி வந்து கூட்டிக்கொண்டு போகும். அன்றைக்கு மட்டும் நான் சீக்கிரமே எழுந்து ஜன்னலில் நின்றேன், வழியனுப்ப யாராவது வேண்டாமா என்று.

யாரோ இருந்தார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு அத்தான் நின்றார். கார் தெருவில் போனது. பின்னால் இரண்டு சிவப்பும் எரிந்தன. அவர் தலை அன்றைக்கு மேலே இல்லை, நேராகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் முனை திரும்பி மறைந்த பிறகும் கேட்டை விடவில்லை.

"என்ன அத்தான், வழியனுப்பியாச்சா?" என்று மேலேயிருந்து கேட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல வாயாடி. முனைக் கம்பத்துல லைட் சரியா எரியுதான்னு பாத்தேன்."

முனைக் கம்பத்து விளக்கு கெட்டுப்போய் ஒரு வாரமாகிறது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். புகார் கொடுத்ததே நான்தான், அவரிடமே. இதை நான் அப்போது சொல்லவில்லை.

"எரியுதா அத்தான்?" என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டும் எரியுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.